நாலு விரல் இடைவெளி

அந்த அம்மாள் தெருவில் நடந்து போனால் இன்றைக்கும் நாலு ஆண்பிள்ளைகள் தங்கள் கன்னத்தைத் தடவிக்கொள்வார்கள். எழுபதைத் தாண்டிவிட்டாள். முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. காய்கறிக் கடையில் விலை பேசும்போதே மூச்சு வாங்குகிறது. ஆனாலும் பயம் பயம்தான். ஒரு காலத்தில் அவள் பாட்டு ஒலிக்காத டீக்கடை கிடையாது. பாடி முடித்த கையோடு எவனையாவது அறையாத படமும் கிடையாது. பாட்டுக்குப் பாதிப் பேர் வந்தார்கள், அறைக்கு மீதிப் பேர் வந்தார்கள். அவள் கையை ஓங்கினால் பெண்கள் உட்காரும் பக்கத்திலிருந்து விசில் பறக்கும். வீட்டில் வாங்கியதையெல்லாம் அவள் கையால் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு பஸ் ஏறிப் போவார்கள்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆளும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஊருக்கு அவள் வெண்கலம். ஏழு வயதில் நாடகக் கம்பெனி மேடையில் முதல்முறை வாயைத் திறந்தபோது, கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவன் பதறி எழுந்து, "யாருப்பா அது வெங்கலப் பானையைத் தட்டுறது?" என்று கேட்டானாம். சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அப்பா அதே கம்பெனியில் திரை இழுக்கிறவர். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. அந்தக் கையால் ஒன்று விட்டால் அன்று முழுக்கக் காதுக்குள் வண்டு குடியிருக்கும். ஒரு வரி மறந்தால் ஒரு அடி, சுருதி விலகினால் இரண்டு. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று வேறு சொல்வார். இந்தப் பழமொழியை எவன் கட்டினானோ தெரியாது, வாங்கினவன் கட்டியிருக்க மாட்டான்.

பன்னிரண்டு வயதில் ஒரு நாள் கதாநாயகன் குடித்துவிட்டு வராமல் போனான். கூட்டம் நாற்காலியைப் பிய்க்க ஆரம்பித்தது. கம்பெனி முதலாளி இவளைப் பிடித்து மேடையில் தள்ளி, "பாடுடி" என்றான். இரண்டாவது வரியில் ஒரு சோடா பாட்டில் வந்து நெற்றியில் விழுந்தது. கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. நிறுத்தினால் அடுத்த பாட்டில் வரும் என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்ததால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாட்டை முழுசாகப் பாடினாள். கூட்டம் உட்கார்ந்தது. சிலர் அழுதுகூட இருக்கிறார்கள். உள்ளே வந்ததும் முதலாளி ஓங்கி ஒரு அறை விட்டான். ரத்தம் பட்டு உடுப்பு கெட்டுப்போய்விட்டதாம். அன்றைக்கு அவள் ஒன்றைப் புரிந்துகொண்டாள். பாட்டு வாயில் இருக்கிற வரைக்கும்தான் அடிக்கிறவன் கை கொஞ்சமாவது யோசிக்கும். பாட்டு போனால் அவள் வெறும் தோல்.

பத்தொன்பது வயதில் வயலின்காரன் வந்தான். இப்படிப்பட்ட ஆளைப் பற்றிச் சொல்லும்போது அவனுக்குத் திறமையே இல்லை என்று சொல்லிவிட்டால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் இருந்தது. நூறு பேர் வாசிக்கும்போது ஒருவனுடைய கம்பி அரை மயிரிழை இறங்கியிருந்தாலும் திரும்பி அவனைப் பார்ப்பான். இடது கை விரல் நுனிகள் ஆணித்தலை மாதிரி இறுகியிருக்கும். அவளை நாடகத்திலிருந்து சினிமாவுக்குக் கூட்டிப் போனவன் அவன்தான். அவளுக்கென்று மெட்டுப் போட்டு, அவளைத் தவிர வேறு எவளாலும் எட்ட முடியாத இடத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்தியவனும் அவன்தான். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் எதிர்க்கடை டீ மாஸ்டர்.

முதல் மாதமே வயலின் வில்லால் கெண்டைக்காலில் அடித்தான், சுருதிக்காக. பிறகு கையால், காரணத்துக்காக. அதற்கப்புறம் காரணமும் தேவைப்படவில்லை. ஆனால் சட்டதிட்டம் உள்ள ஆசாமி. படப்பிடிப்பு இருக்கிற வாரம் முகத்தில் கை படாது. தொண்டையை எந்த வாரமும் தொடமாட்டான். "உன் தொண்டையில கை வெச்சா என் சோத்துல நானே மண்ணைப் போட்டுக்குற மாதிரி. நான் என்ன முட்டாளா?" என்பான். மற்ற இடமெல்லாம் அவன் ராஜ்யம். முதுகு, விலா, தொடை. மேக்கப் அக்கா என்று ஒருத்தி, இவளைவிடப் பத்து வயது மூத்தவள், தினமும் காலையில் இவளுக்கு ரவிக்கை கொக்கி மாட்டும்போதே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். "இடதா வலதா பாப்பா?" என்று மட்டும் கேட்பாள். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கொக்கியைத் தளர்த்தலாம், அதற்காக.

விட்டுவிட்டு வரவேண்டியதுதானே என்று கேட்கிற மகராசர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். தன் சுருதி தன் தொண்டையில் இல்லை, அவன் காதில் இருக்கிறது என்று அவள் நம்பினாள். பாட்டு முடிந்ததும் அவள் மைக்கைப் பார்ப்பதில்லை, ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற அவன் முகத்தைத்தான் பார்ப்பாள். அவன் தலையசைத்தால்தான் பாடினதாக அர்த்தம். அப்பன் அடித்துச் சொல்லிக் கொடுத்ததைப் புருஷன் அடித்துத் தொடர்கிறான் என்பதில் அவளுக்கு அப்போது வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை.

இந்த லட்சணத்தில்தான் அவள் திரையில் ஆண்களை அறைகிறவளாகப் பெயர் வாங்கினாள். சொல்லிக் கொடுத்தவர் ஃபைட் மாஸ்டர். முன்பல் இரண்டு இல்லாதவர். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்.

"அடிக்கிறது என்னம்மா பெரிய வித்தை? எருமைகூட முட்டும்," என்றார் முதல் நாள். "அடிக்காம அடிக்கணும். இந்தா பாரு." அவள் உள்ளங்கைக்கும் எதிரே நின்றவன் கன்னத்துக்கும் நடுவில் தன் நாலு விரலைச் சேர்த்து வைத்தார். "இவ்வளவுதான் இடைவெளி. இதுக்குள்ள வரக்கூடாது, இதுக்கு வெளியேயும் போகக்கூடாது. கேமரா பக்கவாட்டுல இருக்கறவரைக்கும் ஒரு பயலுக்கும் தெரியாது. சத்தத்தைப் பின்னால சேர்த்துக்குவாங்க."

தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவார். அடி வாங்குகிறவன் கட்டைவிரல் அந்தக் கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும், தாண்டக் கூடாது. "கை பொய் சொல்லலாம், கால் பொய் சொல்லக் கூடாது" என்பார். அவள் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்தில் நூற்றுக்கு மேல் அறை. ஒருத்தன் கன்னத்தில் ஒரு கீறல் கிடையாது. சாப்பிடுகிற கை வாய்க்குப் போகிற மாதிரி அவள் கை போய் நாலு விரலில் நிற்கும். பெரிய பெரிய நடிகர்கள், அந்தம்மா அடிக்கிறதானால் நாங்கள் தயார் என்று சொல்லி அனுப்புவார்கள். அவளுக்கு அதில் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமை உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினோரு மணிக்கு, அவள் வீட்டுச் சமையலறையில்.

சில மாதம் முன்னால் அவள் வேறொரு இசையமைப்பாளருக்கு ஒரு பாட்டுப் பாடியிருந்தாள். வயலின்காரன்தான் ஒப்புக்கொண்டான், அவன்தான் அனுப்பினான். அந்தப் பாட்டு அவன் போட்ட எந்தப் பாட்டையும்விடப் பெரிதாகப் போய்விட்டது. பக்கத்து வீட்டு ரேடியோவில் அது ஓடிக்கொண்டிருந்தபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கூடவே முணுமுணுத்தாள். வயலின்காரன் பின்னாலிருந்து வந்தான். முடியைப் பிடித்துத் திருப்பிச் சுவரில் சாத்தி, பதினாலு வருஷம் தொடாத இடத்தில் கையை வைத்தான். இடது கை. ஆணித்தலை விரல்கள் குரல்வளையின் இரண்டு பக்கமும் இறங்கின. அவளுக்குக் கண் இருட்டியது. அடுப்பு மேடையில் கை துழாவியதில் எவர்சில்வர் ஜக்கு அகப்பட்டது, நிறையத் தண்ணீரோடு. உயிர் போகிற வேகத்தில் அதை வீசினாள்.

ஜக்கு அவன் மூக்குக்கு முன்னால் நாலு விரல் தள்ளிப் போயிற்று.

தண்ணீர் மட்டும் அவன் முகத்தில் அடித்தது. அவன் கையை எடுத்துவிட்டான், வலியால் அல்ல, சிரிப்பால். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கேமரா எங்கடி?" என்றான். "ஏய், கேமரா எங்க வெச்சிருக்கே?"

அவள் தரையில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நெரித்ததைவிட அதுதான் அவளை அதிகம் நடுங்க வைத்தது. அவளுக்கென்று இருந்த ஒரே கை. அதுவும் சம்பளத்துக்குப் பழகிய கை.

ஒன்பது நாள் குரல் வரவில்லை. டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை. கழுத்தில் வரிசையாகக் கன்றியிருந்த விரல் தடங்களைப் பார்த்தார், அவ்வளவுதான். "இது ஆறிடும். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பேச்சு வரும், பாட்டு வராது. எழுதிக்கூடத் தர்றேன்," என்றார்.

அவள் நேரே ஃபைட் மாஸ்டரிடம் போனாள். ஸ்டூடியோவுக்குப் பின்னால் அவருடைய கொட்டகையில் மணல் மூட்டை ஒன்று தொங்கும்.

"மாஸ்டர், எனக்கு அடிக்கக் கத்துக் குடுங்க."

"அதான் கத்துக் குடுத்தேனே?"

"அது இல்ல மாஸ்டர். நிஜமா."

அவர் அவள் கழுத்தைப் பார்த்தார். கையால் வாயை மூடவில்லை, சிரிக்கவும் இல்லை. மூட்டையைக் காட்டினார். அவள் குத்தினாள். கை நாலு விரலில் நின்றது. மறுபடி குத்தினாள், மறுபடி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அப்பனை, முதலாளியை, சோடா பாட்டில் வீசினவனை எல்லாம் நினைத்துக்கொண்டு குத்தினாள். மணல் மூட்டை அசையாமல் தொங்கியது. அவள் அழுதாள்.

"முப்பது வருஷமா அடிக்காம இருக்கத்தான் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்," என்றார் அவர். "என் பொண்டாட்டி புள்ளைங்க சத்தியமா, அடிக்கிறது எனக்கே மறந்துபோச்சும்மா. நீ கிளம்பிடு. கை வராத இடத்துல கால் வரும்."

அதற்கு அவள் துணிந்தாள். வயலின்காரன் சொந்தமாகத் தயாரித்துக்கொண்டிருந்த படம் ஒன்று முடிகிற நிலையில் இருந்தது. அது முடிந்த மறுநாள் வேறு ஊரில் வேறு கம்பெனிக்குப் போய்ச் சேருவது என்று, மேக்கப் அக்கா மூலமாகக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். இன்னும் ஒன்பது நாள். அதுவரைக்கும் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டால் போதும். வீட்டில் அவள் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டே நடந்தாள். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தூங்கினாள்.

எட்டாம் நாள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சினிமாக் கம்பெனியில் ரகசியம் என்பது ஓட்டைப் பானைத் தண்ணீர்.

அன்றைக்கு எடுக்கவேண்டியது கடைசிக் காட்சி. குடிகாரப் புருஷன் சமையலறையில் மனைவியின் கழுத்தைப் பிடிக்க வருகிறான், அவள் இரும்பு வாணலியை எடுத்து வீசுகிறாள், அவன் விழுகிறான். கதையை எழுதினவன் எந்த வீட்டை எட்டிப் பார்த்து எழுதினானோ. புருஷனாக நடித்தவன் மஞ்சள் காமாலை என்று படுத்துவிட்டான். நல்லவேளை முகம் தெரிகிற துண்டுகளெல்லாம் ஏற்கெனவே எடுத்தாயிற்று, முதுகு மட்டும் பாக்கி. எவனாவது நின்றால் போதும்.

"நானே நிக்கிறேன்," என்றான் வயலின்காரன். "புருஷன் வேஷம்தானே. எனக்குத் தெரியாத நடிப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். தயாரிப்பாளர் சொன்னால் சிரிக்க வேண்டியதுதான். அவள் டைரக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "வேற யாரையாவது நிக்க வைங்க. லைட் பாய்கூடப் போதும்," என்று கெஞ்சினாள். "ஒரே ஒரு ஷாட்தானேம்மா, முதலாளி ஆசைப்படறாரு," என்று அவர் நழுவிவிட்டார்.

தகரக் கூரை போட்ட தளம். விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் அடுப்புக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. வாணலி நிஜ இரும்பு. அட்டை வாணலியைத் தூக்கினால் மணிக்கட்டில் கனம் தெரியாது என்று டைரக்டர் பிடிவாதம். ஃபைட் மாஸ்டர் எதிர்த்துப் பார்த்தார், எடுபடவில்லை. மண்டியிட்டுக் கோட்டை வழக்கத்தைவிடத் தடிமனாகப் போட்டார். எழுந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சார், இந்தக் கோட்டைத் தாண்டாதீங்க. அந்தம்மா கை தப்பாது. வர்ற இடத்துக்கு வந்தே தீரும். கையை மட்டும் நீட்டுங்க, காலை நகர்த்தாதீங்க," என்றார்.

"எனக்கே பாடமா?" என்றான் அவன்.

இரண்டு ஒத்திகையிலும் ஒழுங்காக நின்றான். இரும்பு அவன் தாடைக்கு நாலு விரல் தள்ளிச் சுழன்று போயிற்று. மாஸ்டர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. டேக்குக்கு முன்னால் அவள் முகத்து வியர்வையை ஒற்றிவிட்டு அக்கா விலகினாள். அப்போது அவன் அவள் காதருகே குனிந்தான். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புருஷன் பெண்டாட்டிக்குத் தைரியம் சொல்கிற மாதிரி இருந்திருக்கும்.

"கையெழுத்துப் போட்டியாமே. இந்தத் தடவை நிஜமாவே புடிக்கிறேன். ஃபிலிம் ஓடும்போது எவனும் நடுவுல வரமாட்டான். அப்புறம் எதை வெச்சுப் பாடுவேன்னு பாக்கலாம்."

கேமரா ஓடியது. அவன் சொன்னது சரி, யாரும் நடுவில் வரமாட்டார்கள். அவன் முதுகு கேமராவை மறைத்துக்கொண்டிருந்தது. அவன் இடது கை நீண்டது. ஆணித்தலை விரல்கள் அவள் தொண்டையைத் தொட்டன. அவள் வாணலியை வீசினாள்.

பின்னால் சேர்க்கிற சத்தம் எதுவும் அன்றைக்குத் தேவைப்படவில்லை. பச்சை மரக்கிளை ஒடிகிற மாதிரி ஒன்று கேட்டது. அவன் பக்கவாட்டில் சரிந்து, அடுப்பு மேடையில் தலை மோதி, தரையில் விழுந்து கால்களை உதைத்துக்கொண்டான். வாயிலிருந்து ரத்தமும் இரண்டு பல்லும் வந்தன. ஊளை மாதிரி ஒரு சத்தமும் வந்தது.

டைரக்டர் கட் சொல்லவில்லை. ஆயுளில் அப்படி ஒரு விழுதலை அவர் பார்த்ததில்லை. "ஓடட்டும், ஓடட்டும்," என்று கேமராமேன் தோளை அழுத்தினார். மேலே விளக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருத்தன் விசில்கூட அடித்தான். தரையில் கிடந்தவன் தன் ரத்தத்தில் வழுக்கிக்கொண்டு எழப் பார்த்தான், விழுந்தான். மறுபடியும் கை தட்டினார்கள். எலும்பு உடைகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அங்கே ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஃபைட் மாஸ்டர்தான் விளக்கைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இடது காதுக்குள் சவ்வு கிழிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொருவராக விசாரித்தார். ஃபைட் மாஸ்டர் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினார். தடித்த கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு முழு அடி முன்னால், சுண்ணாம்பு ஒட்டிய செருப்புத் தடம் இருந்தது.

"அந்தம்மா கை வர்ற இடத்துக்கு வந்துச்சு சார். இவருதான் வரக்கூடாத இடத்துக்கு வந்தாரு. நாப்பது பேர் முன்னாடி சொன்னேன், தாண்டாதீங்கன்னு."

நாற்பது பேரும் தலையாட்டினார்கள். விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். வயலின்காரன் ஆஸ்பத்திரியிலிருந்து அவன் அண்ணன் வீட்டுக்குப் போனான், திரும்பி வரவில்லை. வயலினைத் தாடைக்குக் கீழே இடுக்க முடியாது, வாசித்தாலும் பாதிதான் கேட்கும் என்று ஆகிவிட்டது. பதினாலு வருஷம் அப்படியே இருந்து செத்தான். அவள் மறுவாரமே வேறு ஊருக்குப் போனாள். இன்னும் இருபத்திரண்டு வருஷம் பாடினாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் முகத்தையும் பார்க்காமல். நடிக்கவும் நடித்தாள். ஆனால் அதற்கப்புறம் ஒரு படத்திலும் யாரையும் அறைய மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த விபத்தை நினைத்துப் பாவம் மனசு விட்டுப்போச்சு என்று ஊரே உச்சுக்கொட்டியது.

அன்றைக்கு மத்தியானம் மேக்கப் அறையில் நடந்தது ஊருக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் இன்னும் தளத்தில் இருந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். முதலில் கீழே ஒரு சுரம் பிடித்துப் பார்த்தாள். வந்தது. கொஞ்சம் மேலே போனாள். அதுவும் வந்தது. வேறு எவளும் எட்டாத அந்த இடத்துக்குப் போனாள். குரல் பிசிறில்லாமல் போய் நின்றது. வெளியே பேச்சுச் சத்தம் ஒரு நிமிஷம் அடங்கிவிட்டது.

"கும்பிட்ட சாமி கைவிடலை," என்றாள் அக்கா. அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. "அவன் குறுக்க வந்தது உனக்கு எப்படி பாப்பா தெரியும்? கை வீசினப்புறம் யாரால நிறுத்த முடியும்?"

"என்னால முடியும் அக்கா," என்றாள் வெண்கலம். "நான் அவன் முகத்தைப் பாக்கவே இல்ல. காலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கட்டைவிரல் கோட்டைத் தாண்டுச்சு. அப்புறம் குதிகாலும் தாண்டுச்சு. அதுக்கப்புறம்தான் வீசினேன்."

அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, அவள் கழுத்தில் இருந்த ரத்தத் துளியைப் பஞ்சால் துடைத்தாள்.

"பாடு," என்றாள். "சத்தமாப் பாடு."